முதல் சிலுவெட் போட்டியில் 40-க்கு 13: துப்பாக்கியை மாற்றலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். காகித இலக்கில் ஓரளவு நன்றாகச் சுடுபவர் ஒருவர், .22 கைத்துப்பாக்கியோடு (சிறிய தோட்டா போடும் வகை) முதல்முறையாக மெட்டாலிக் சிலுவெட் போட்டிக்கு, அதாவது இரும்பில் வெட்டிய பிராணி உருவங்களைச் சுட்டு விழுத்தும் போட்டிக்குப் போயிருக்கிறார். படுத்துக்கொண்டு சுடும் நிலை, குறிபார்க்க லென்ஸ் இல்லாத சாதாரண சைட் (முன்னால் ஒரு முனை, பின்னால் ஒரு பள்ளம்). கோழியில் 10-க்கு 6, பன்றியில் 4, வான்கோழியில் 1, செம்மறிக் கடாவில் 2, ஆக மொத்தம் 40-க்கு 13. துப்பாக்கியை மாற்ற வேண்டுமா, எதைப் பயிற்சி செய்வது என்று கேட்கிறார்.

மாற்ற வேண்டாம். இன்னும் சில போட்டிகள் முடியும்வரை அந்தப் பேச்சே வேண்டாம். விழுந்த 13-இல் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. விழாமல் நின்ற 27-இல்தான் விஷயம் இருக்கிறது. அந்த 27-உம் ஒரே காரணத்தால் தப்பியிருக்காது. எது எதனால் தப்பியது என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால், அடுத்து எதைப் பயிற்சி செய்வது என்று என்னைக் கேட்கவே மாட்டீர்கள்.

காகிதத்தில் நன்றாகச் சுடுபவர் இரும்புக்கு முன்னால் தடுமாறுவது வழக்கம்தான். காகிதத்தில் நடுவை விட்டு விலகினாலும் எட்டோ ஏழோ கிடைக்கும். இங்கே விழுந்தால் ஒன்று, நின்றால் பூஜ்யம். குண்டு பட்டு மணி அடித்த மாதிரி சத்தம் கேட்டாலும், உருவம் சுழன்று திரும்பினாலும், நின்றுகொண்டிருந்தால் அது தப்பிய கணக்குதான். அப்புறம், காகிதத்தில் வெள்ளைப் பின்னணியும் கறுப்பு வட்டமும் சேர்ந்து எங்கே பார்க்க வேண்டும் என்று கண்ணுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும். கறுப்புக் கோழியின் நடுவில் கறுப்பு முன் சைட்டைக் கொண்டுபோய் வைத்தால் இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். அதனால்தான் அனுபவஸ்தர்கள் பலர் கோழிக்கு வயிற்றுக் கோட்டின் அடியில் சைட்டின் மேல்விளிம்பை வைத்துச் சுடுகிறார்கள். குண்டு நடுவில் படும்படி சைட்டை அதற்கேற்ப ஏற்றி வைத்திருப்பார்கள். கடா பெரிது, முதுகுக்கோடு நீளம், அதற்கு நடுவிலேயே வைக்கலாம் என்பார்கள் சிலர். இரண்டில் எதுவானாலும் சரி, ஒன்றை முடிவு செய்து அதிலேயே நில்லுங்கள். போட்டி நடுவில் மாற்றினால் எந்தக் கணக்கும் ஒத்துவராது.

இந்த விளையாட்டு மெக்சிகோவில் பிறந்தது. கட்டிப்போட்ட உயிருள்ள பிராணிகளைத் தொலைவிலிருந்து சுடும் வழக்கம் அங்கே இருந்தது. அதற்குப் பதிலாக இரும்பில் வெட்டிய உருவங்கள் வந்தன. 1960-களின் கடைசியில் எல்லை தாண்டி அமெரிக்காவின் அரிசோனாவுக்குப் போனது. முதலில் ரைபிள் விளையாட்டுதான்: கோழி 200 மீட்டர், பன்றி 300, வான்கோழி 385, கடா 500. கைத்துப்பாக்கிக்காரர்கள் அதே முழு அளவு உருவங்களை 50, 100, 150, 200 மீட்டரில் நிறுத்திச் சுட ஆரம்பித்தார்கள். இதற்கென்றே ஐ.எச்.எம்.எஸ்.ஏ. (சர்வதேச கைத்துப்பாக்கி மெட்டாலிக் சிலுவெட் சங்கம்) என்ற அமைப்பு 1976-இல் உருவானது. .22-க்கு அந்தத் தொலைவுகள் பாதியாகி 25, 50, 75, 100 மீட்டர் ஆயின. ஆனால் உருவங்களின் அளவு பாதியாகவில்லை, எட்டில் மூன்று பங்காகச் சுருங்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: தொலைவு பாதி, உருவம் பாதிக்கும் குறைவு. அதாவது பெரிய துப்பாக்கிக்காரர் கண்ணுக்குத் தெரியும் உருவத்தில் முக்கால் பங்குதான் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. .22 என்றால் எளிது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

சரி, அந்த 27-க்கு வருவோம்.

ஒவ்வொரு முறையும் டிரிகர் விடுபடும் அந்தக் கணத்தில் முன் சைட் எங்கே இருந்தது என்பதைக் கண் படம் பிடித்திருக்க வேண்டும். ஸ்பாட்டர் (குண்டு எங்கே போகிறது என்று பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்பவர்) வாயைத் திறப்பதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிட வேண்டும்: “நடு”, “கொஞ்சம் இடது”, “கீழே இழுத்துவிட்டேன்”. அதன் பிறகு ஸ்பாட்டர் தொலைநோக்கியில் பார்த்ததைச் சொல்லட்டும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தப்பிய குண்டுகள் மூன்று குவியலாகப் பிரியும்.

நீங்கள் “இடது” என்று சொன்னீர்கள், குண்டும் இடதுதான் போனது. இது முதல் குவியல். இங்கே சைட் சரி, தோட்டா சரி, காற்றும் சரி. உங்கள் பிடியோ டிரிகர் விரலோதான் காரணம். வீட்டில் உட்கார்ந்து பயிற்சி செய்ய வேண்டிய விஷயம் இது.

நீங்கள் “நடு” என்று சொன்னீர்கள், குண்டு முதுகுக்கு மேலே போய் மண்மேட்டில் புழுதி கிளப்பியது. இது இரண்டாவது குவியல். உங்கள் விரல் மேல் பழி போடாதீர்கள். சைட் எண் (அந்தத் தொலைவுக்குச் சைட்டை எவ்வளவு ஏற்றி வைப்பது என்ற எண்) தப்பாக இருக்கலாம், வெளிச்சம் மாறியிருக்கலாம், காற்று தள்ளியிருக்கலாம், தோட்டா வேறு பெட்டியாக இருக்கலாம். அதே திசையில் அடுத்த குண்டும் போனால் உடனே சைட்டைத் திருப்ப வேண்டும். புதியவர்கள் இங்கேதான் அநியாயமாகப் புள்ளிகளை இழக்கிறார்கள். தன் மேல் சந்தேகப்பட்டு, சைட்டைத் தொடாமல் ஐந்து குண்டையும் அதே புழுதியில் போடுவார்கள்.

எங்கே இருந்தது என்றே தெரியவில்லை என்றால் மூன்றாவது குவியல். வெடிக்கும் நேரத்தில் கண் மூடியிருக்கிறது, அல்லது எந்த உருவம் விழுகிறது என்று பார்க்கும் ஆசையில் பார்வை முன் சைட்டை விட்டு இரும்புக்கு ஓடியிருக்கிறது. முதல் போட்டியில் பெரும்பாலானவை இந்தக் குவியலில்தான் விழும். மற்ற இரண்டையும் சரிசெய்வதற்கு முன்னால் இதைக் காலி செய்ய வேண்டும். ஏனென்றால் கணிப்பு இல்லாத குண்டு எதையும் கற்றுத்தராது.

முன் சைட்டின் மேல் ஏன் இத்தனை வெறி என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்கு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 25 சென்டிமீட்டர் என்று வையுங்கள். பின் சைட்டின் பள்ளத்தில் முன் சைட் கால் மில்லிமீட்டர் ஒதுங்கி நின்றால், அது ஆயிரத்தில் ஒரு பங்கு விலகல். 75 மீட்டரில் அது ஏழரை சென்டிமீட்டர் ஆகும். எட்டில் மூன்று பங்கு வான்கோழியின் நடுவைக் குறிவைத்த குண்டு உடம்பை விட்டு வெளியே போக அது தாராளமாகப் போதும். மாறாக, இரண்டு சைட்டும் சுத்தமாக நேராக இருந்து, மொத்தத் துப்பாக்கியும் வான்கோழியின் மேல் மூன்று சென்டிமீட்டர் ஆடினால், குண்டும் மூன்று சென்டிமீட்டர்தான் விலகும். உருவம் விழுந்துவிடும். ஆட்டத்தை யாராலும் முழுசாக நிறுத்த முடியாது. அதோடு வாழப் பழகிக்கொள்ளலாம். சைட் விலகலோடு வாழ முடியாது. அதனால் வான்கோழி மங்கலாகத் தெரியட்டும். முன் சைட்டின் விளிம்பு மட்டும் கத்தி மாதிரி கூர்மையாகத் தெரிந்தால் போதும்.

வான்கோழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பட்டியலில் அதற்கு ஒன்றுதான். அதற்காக வெட்கப்பட வேண்டாம்; நாலு உருவங்களில் அதுதான் எல்லோரையும் அழவைப்பது. கோழியும் பன்றியும் கடாவும் அகலவாக்கில் நீண்டவை. வான்கோழி நெட்டையாக நிற்கும். கழுத்து மெல்லியது, கால் ஒடுங்கியது, அடிக்க உதவும் உடம்புப் பகுதி நடுவில் மட்டும்தான். மற்ற மூன்றிலும் பக்கவாட்டில் கொஞ்சம் பிசகினாலும் உடம்பில் எங்காவது பட்டுவிடும். பக்கவாட்டுக் காற்று வான்கோழியில் எந்தத் தயவும் காட்டாது. அதோடு 75 மீட்டர் என்பது .22 குண்டு வேகமாகத் தாழும் இடம்.

அந்த விழும் கணக்கையும் பார்த்துவிடுவோம். நீளமான பேரல் உள்ள .22 பிஸ்டலிலிருந்து குண்டு நொடிக்குச் சுமார் 300 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று கொள்வோம். 50 மீட்டரை அடையும்போது பேரலின் நேர்கோட்டிலிருந்து சுமார் 14 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். 100 மீட்டரில் சுமார் 60. தொலைவு இரு மடங்கு, விழுவது நான்கு மடங்குக்கும் மேல். புவியீர்ப்பு நேரத்தின் வர்க்கத்தில் வேலை செய்கிறது, போதாததற்குக் குண்டும் வழியில் வேகத்தை இழக்கிறது. எனவே 25-லிருந்து 50-க்குச் சைட் திருகை எத்தனை கிளிக் (படி) ஏற்றினீர்களோ அதையே 75-லிருந்து 100-க்கும் ஏற்றினால் போதும் என்று நினைத்தால் கடாவின் காலடியில் மண்ணைத்தான் கிளறுவீர்கள்.

உங்கள் எண்களில் என் கண்ணில் பட்டது இதுதான். 50 மீட்டரில் 10-க்கு நான்கு பன்றி விழுத்தியவருக்குக் கடாவில் இரண்டு என்பது கொஞ்சம் குறைவு. பிடி மட்டும்தான் பிரச்சினை என்றால் மூன்றாவது விழுந்திருக்கும் என்று தோன்றுகிறது. பத்து உருவத்தையும் ஐந்து ஐந்தாகத்தான் சுடுவீர்கள்; விழுந்த இரண்டும் இரண்டாவது ஐந்தில் விழுந்தனவா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அப்படியென்றால் முதல் ஐந்து குண்டும் தப்பான சைட் எண்ணில் போனவை. பாதி வழியில்தான் சரியான எண்ணுக்கு வந்திருக்கிறீர்கள். 100 மீட்டர் எண்ணை நிஜமான 100 மீட்டரில் சுட்டுப் பார்த்து எடுத்தீர்களா, இல்லை ஏதோ அட்டவணையிலிருந்தோ கைபேசிச் செயலியிலிருந்தோ எடுத்தீர்களா? அட்டவணை தோராயமான தொடக்கம்தான். உங்கள் பேரல், உங்கள் தோட்டா, உங்கள் பிடி சேர்ந்து கொடுக்கும் எண் வேறாக இருக்கும்.

இங்கே இன்னொரு பொறியும் உண்டு. மேசையில் மணல்மூட்டை போட்டு, அதன்மேல் துப்பாக்கியை வைத்துச் சைட் எண் எடுத்துவிட்டு, போட்டியில் படுத்துச் சுட்டால் குண்டு வேறு இடத்தில் படும். குண்டு பேரலை விட்டு வெளியேறுவதற்குள்ளேயே துப்பாக்கி பின்வாங்க ஆரம்பித்துவிடுகிறது. அந்தப் பின்வாங்கலை எது தாங்குகிறது, கை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்துப் பேரல் எழும்பும் அளவு மாறும். .22-இல் இது சிறியது, பெரிய ரிவால்வரில் பயங்கரமாகத் தெரியும். எதுவானாலும், நாலு எண்களையும் போட்டியில் எப்படிச் சுடுவீர்களோ அப்படியே படுத்து எடுங்கள்.

சைட் திருகைத் திருப்புவதில் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டால் நல்லது. பல சைட்டுகளில் திருகுக்குக் கொஞ்சம் தளர்ச்சி இருக்கும். ஏற்றும்போது வரும் எண்ணும் இறக்கும்போது வரும் எண்ணும் ஒரே இடத்தில் நிற்காது. கடா முடிந்து மறுபடி கோழிக்கு வரும்போது, தேவையான எண்ணைத் தாண்டி இரண்டு கிளிக் கீழே இறக்கிவிட்டு, அங்கிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிற்க வேண்டும். எண்களை ஒரு சின்ன அட்டையில் எழுதித் துப்பாக்கிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டுங்கள். ஒரு உருவத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது சைட்டை மாற்ற மறந்துவிடுவது இந்த விளையாட்டில் எல்லாத் தரத்திலும் நடக்கிறது. “ஏற்று” என்ற கட்டளை வந்ததும் தோட்டாவைத் தொடுவதற்கு முன்னால் சைட்டைப் பார் என்று உங்களுக்கு நீங்களே ஒரு சட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனால் அதுவும் உங்களைக் கடித்திருக்கும். வழக்கமான விதிப்படி தோட்டா ஏற்ற 30 நொடி, ஐந்து குண்டுக்கு 2 நிமிடம். ஒரு குண்டுக்கு 24 நொடி. எழுதிப் பார்க்கும்போது தாராளம், படுத்திருக்கும்போது பற்றாக்குறை என்று தோன்றும். பக்கத்து இடத்துக்காரர் படபடவென்று சுடுவார், உங்கள் விரலும் அவரோடு ஓடும். அவர் முடித்துவிட்டார் என்பதால் உங்களுக்கு ஒரு நொடிகூடக் குறையவில்லை. முதல் குண்டுக்கு 30 நொடிகூட எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் சைட் எண் சரியா என்று சொல்லப்போகும் குண்டு. மூச்சு தீர்ந்து, முன் சைட் நடுங்க ஆரம்பித்தால் விரலை எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். 2 நிமிடத்தில் ஒருமுறை இப்படிச் செய்ய இடம் இருக்கிறது. அந்த இடத்தைப் பயன்படுத்தாமல் அடிக்கும் குண்டுதான் பெரும்பாலும் முதல் குவியலுக்குப் போகும்.

வரிசையும் முக்கியம். இடமிருந்து வலமாக, உருவத்துக்கு ஒரு குண்டு. முதலாவது தப்பிவிட்டால் அதை விட்டுவிட்டு இரண்டாவதற்குப் போக வேண்டும். மறுபடி முதலாவதைச் சுட்டு அது விழுந்தாலும் கணக்கில் வராது, இரண்டாவதுக்கான குண்டும் போய்விடும். நின்றுகொண்டிருக்கும் உருவத்தைப் பார்க்கும் எரிச்சலில் பலர் இதைச் செய்கிறார்கள். ஸ்பாட்டரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ஒவ்வொரு குண்டுக்கு முன்னாலும் “இப்போது மூன்றாவது” என்று அவர் சொல்லட்டும்.

ஸ்பாட்டர் என்பவர் இந்த விளையாட்டு கொடுக்கும் பெரிய சலுகை. மற்ற பல துப்பாக்கிப் போட்டிகளில் சுடும்போது யாரும் காதில் பேச முடியாது. ஆனால் அவர் “கொஞ்சம் மேலே” என்று சொன்னால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. கொஞ்சம் என்றால் எவ்வளவு? உருவத்தையே அளவுகோலாக வைத்துச் சொல்லச் சொல்லுங்கள்: “முதுகுக்கு மேலே அரை கோழி”, “வாலுக்குப் பின்னால் ஒரு உடம்பு”. கடிகார முள் திசையும் நல்லது: “மூன்று மணிப்பக்கம், விளிம்பை ஒட்டி”. புழுதி எழும் இடம் உருவத்துக்குப் பின்னால் இருக்கும் மண்மேடு என்பதையும் மறக்க வேண்டாம். மேடு தள்ளி இருந்தால் குண்டு உருவத்தைக் கடந்த பிறகும் தாழ்ந்துகொண்டே போய்த்தான் படும். அனுபவமில்லாத ஸ்பாட்டர் அந்தப் புழுதியைப் பார்த்து “கீழே” என்பார், நிஜத்தில் குண்டு உருவத்தின் மேல்விளிம்பை உரசிக்கொண்டு போயிருக்கும். அதனால் யார் கிடைத்தாலும் சரி என்று இருக்காமல், நன்றாகச் சுடுபவரைத் தேடிப்பிடித்து உட்காரவைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு அவருக்கு நீங்கள் ஸ்பாட்டராக இருங்கள். தொலைநோக்கியில் மற்றவர் குண்டுகளைப் பார்ப்பதே பாதிப் படிப்பு.

காற்றுக்கு வருகிறேன். நொடிக்கு நாலரை மீட்டர் அளவில், அதாவது முகத்தில் நன்றாக உணரும் அளவில், பக்கவாட்டுக் காற்று அடித்தால் 100 மீட்டரில் .22 குண்டு சுமார் 10 சென்டிமீட்டர் தள்ளப்படும். கடாவின் நீளம் அதைப் பொறுத்துக்கொள்ளும், வான்கோழி பொறுக்காது. வேகமான தோட்டா வாங்கினால் காற்று குறைவாகத் தள்ளும் என்று தோன்றும். .22-இல் இது தலைகீழ். ஒலியின் வேகத்தைத் தாண்டிக் கிளம்பும் குண்டு, அந்த எல்லையை ஒட்டி வரும்போது காற்றுத் தடையால் வேகத்தை அதிகமாக இழக்கிறது. அப்படி இழக்கும் வேகம்தான் பக்கவாட்டில் தள்ளலாக வெளிப்படுகிறது. ஒலிவேகத்துக்குக் கீழே கிளம்பும் சாதாரணத் தோட்டா காற்றில் குறைவாகத்தான் விலகும், பெரும்பாலும் குண்டுகள் படும் இடங்களும் நெருக்கமாக இருக்கும். பெட்டியில் அச்சிட்ட உற்பத்தி எண்ணைப் பார்த்து, ஒரே எண் உள்ள பெட்டிகளாக வாங்கி வையுங்கள். துப்பாக்கிக்காக எடுத்து வைத்த பணத்தில் ஒரு பகுதியை இதில் போடலாம்.

வெளிச்சம் மாறும்போதும் குண்டு இடம் மாறும். மேகம் விலகி வெயில் பளிச்சென்று அடித்தால் முன் சைட்டின் ஒரு விளிம்பு மினுங்கும். கண் அந்த விளிம்பைக் கணக்கில் எடுக்காமல் மிச்சத்தை மட்டும் பின் சைட்டின் பள்ளத்தில் நடுவாக்கும். முன் சைட்டைப் புகையில் காட்டிக் கறுப்பாக்குவது பழைய வழி, இப்போது அதற்கென்றே தெளிப்பான் வருகிறது. முன் சைட்டின் மேல் போடும் சின்னக் கூண்டு அதைவிட நல்லது, உங்கள் பிரிவின் விதி அனுமதித்தால்.

படுத்துச் சுடும் நிலையைப் பற்றி. காகிதத்தில் நின்று சுட்டுப் பழகியவருக்கு இது அந்நியம். மல்லாந்து ஒருபக்கம் சாய்ந்து படுத்து, முழங்காலை மடக்கி, துப்பாக்கி பிடித்த கையைக் காலின் வெளிப்பக்கத்தில் ஒட்டிவைத்துச் சுடுவதைக் கிரீட்மூர் நிலை என்கிறார்கள். இன்னொரு கை தலைக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும். தரையில் விரிப்பு போடலாம், துப்பாக்கியைத் தாங்க வெளியிலிருந்து எந்த முட்டும் கூடாது. கழுத்து வலித்தால் நிலை தப்பு என்று பொருள். தலை முழுசாகக் கைமேல் சாய வேண்டும். கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டு, திறந்து பாருங்கள். முன் சைட் உருவத்தை விட்டு ஒதுங்கி நின்றால் கையால் இழுத்துக்கொண்டு வராதீர்கள், மொத்த உடம்பையும் விரிப்போடு சேர்த்து நகர்த்துங்கள். கையால் இழுத்து நிறுத்திய துப்பாக்கி டிரிகர் விடுபடும்போது பழைய இடத்துக்கே போகப் பார்க்கும்.

பேரல் முனை முழங்காலையும் பாதத்தையும் தாண்டி முன்னால் நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். இதில் சமரசமே இல்லை. ரிவால்வர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும்: சுழல் உருளைக்கும் பேரலுக்கும் இடையே உள்ள இடுக்கிலிருந்து சூடான வாயுவும் ஈயத்துகளும் பக்கவாட்டில் பீறிடும். மேக்னம் (அதிக விசையுள்ள தோட்டா) ரிவால்வர்காரர்கள் காலில் கெட்டித் தோல் கட்டிக்கொள்வது அதனால்தான். வெறும் கால்சட்டை அதன்முன் நிற்காது. 25 மீட்டரில் ஈயச் சிதறல் திரும்பி வரக்கூடும், பார்வையாளர்களும் கண்ணாடியைக் கழற்றக் கூடாது.

கடாவைப் பற்றி ஒன்று. சத்தம் கேட்டும் விழாமல் நின்றது ஏதாவது உண்டா? .22-இல் காலிலோ ஓரத்திலோ பட்டால் அப்படி ஆகும். முதுகுக்கு அருகில் மேலே பட்டால் சாய்ந்துவிடும், ஏனென்றால் காலடியிலிருந்து தூரம் அதிகம், நெம்புகிற விசையும் அதிகம். பெரிய துப்பாக்கிகளில் முழு அளவுக் கடா நிற்பது ஒரு பெரிய தலைவலி. அந்த இரும்பு இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். அதைச் சாய்ப்பதற்கு வெறும் வேகம் போதாது, எடையும் வேகமும் சேர்ந்த உந்தம் வேண்டும். .357 மேக்னம் 200 மீட்டரில் திணறியதால்தான் அதைவிட நீண்ட உறை கொண்ட தோட்டாக்கள் வந்தன. ரூகர் நிறுவனம் 1983-இல் .357 மேக்சிமம் ரிவால்வர் கொண்டுவந்தது இந்த விளையாட்டை மனதில் வைத்துத்தான். ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கிகளும் இங்கே கொடிகட்டிப் பறந்தன. 1967-இல் வந்த தாம்சன் சென்டரின் கன்டென்டரில் பேரலைக் கழற்றி வேறு அளவுப் பேரல் மாட்டலாம். அந்தச் சௌகரியத்துக்காகவே பலர் அதில் தொடங்கினார்கள். இதையெல்லாம் சொல்வது உங்கள் ஆசையைக் கிளப்ப இல்லை. பெரிய துப்பாக்கிக்குப் போனால் பின்வாங்கல், சத்தம், தோட்டாச் செலவு மூன்றும் கூடும். மூன்றாவது குவியல் இன்னும் பெருகும். .22-இல் அந்தக் குவியல் காலியான பிறகு போங்கள்.

துப்பாக்கியில் ஒன்றை மட்டும் பார்க்கலாம். டிரிகர் மணலை அரைப்பது போல் தடுக்கித் தடுக்கி வருகிறது என்றால் நல்ல துப்பாக்கித் தொழிலாளியிடம் கொடுத்துச் சீர்செய்யுங்கள். நீங்களே அரம் எடுத்து உட்கார வேண்டாம்.

பயிற்சியை இப்படி வைத்துக்கொள்ளலாம். வீட்டில், தோட்டா எதுவும் அறையிலேயே இல்லாத நிலையில், உங்கள் துப்பாக்கியை வெறுமனே இயக்கலாம் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் அப்படியே, இல்லையென்றால் போலித்தோட்டா போட்டு, படுத்த நிலையில் டிரிகரை விடுங்கள். சுவரில் சின்ன வான்கோழி ஒன்று வெட்டி ஒட்டினால் போதும். கிளிக் சத்தத்தின்போது முன் சைட் எங்கே இருந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் அந்த முறை கணக்கில் இல்லை. ரேஞ்சுக்குப் போகும் நாளில் கோழியில் தொடங்காதீர்கள். விழுந்துகொண்டே இருக்கும், சந்தோஷமாக இருக்கும், எதுவும் கற்றுக்கொள்ள மாட்டீர்கள். கொண்டுபோகும் தோட்டாவில் பாதியை வான்கோழிக்கு ஒதுக்குங்கள். மிச்சத்தில் 100 மீட்டர் எண்ணை உறுதிசெய்யுங்கள், வேறு வெளிச்சத்தில் வேறொரு நாள் மறுபடி சரிபாருங்கள். ஐந்து ஐந்தாக, கடிகாரம் வைத்தே சுடுங்கள்.

அடுத்த போட்டியில் மதிப்பெண் தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். உருவம், உங்கள் கணிப்பு, ஸ்பாட்டர் சொன்னது, சைட் எண், இந்த நாலும் போதும். ஐந்து குண்டு முடிந்ததும் எழுதுங்கள், நடுவில் எழுத நேரம் இருக்காது. ஸ்பாட்டரே எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. மொத்தம் 13-லிருந்து 15 ஆனாலும் சரி, 11 ஆனாலும் சரி, “தெரியவில்லை” என்ற கட்டம் எத்தனை குறைந்திருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள். வான்கோழியில் “நடு, ஆனால் வலது” என்று இரண்டு மூன்று வந்திருந்தால் காற்றைப் படிக்க ஆரம்பிக்கலாம். “கீழே இழுத்துவிட்டேன், கீழேதான்” என்று வரிசையாக வந்திருந்தால் டிரிகர் விரலுக்கு வேலை. நின்று சுடும் பிரிவிலும் பெயர் கொடுக்கலாமா என்று அங்கே யாராவது கேட்பார்கள், கொடுங்கள். எண்ணிக்கை குறைவாகத்தான் வரும், ஆனால் கூடுதலாக 40 கணிப்புகள் கிடைக்கும். படுத்த நிலைக்கு எடுத்த சைட் எண்கள் அதற்கு அப்படியே பொருந்தாது, அதற்குத் தனி அட்டை.